கோவளத்தில் டச்சுக் கோட்டை இல்லை

'கோவளம் போகிறோம்' என்றால், 'கேரளாவுக்கா?' என்று கேட்பவர்களே அதிகம். கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. நாம் இங்கே பேசப்போவது இவ்விரண்டையும் அல்ல. சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் வரும் கோவளத்தைப் பற்றி. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். இவ்வளவு அருகில் இருக்கும் ஊரைப் பற்றி நாம் எவ்வளவு தவறாக அறிந்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரை பிறந்த கதை.

சில மாதங்களுக்கு முன்னர், மாணவர்களிடம் அவரவர் ஊர் வரலாற்றை இரண்டு பக்கங்களில் எழுதிவரச் சொல்லியிருந்தோம். கோவளத்து மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், 'எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருந்தது' என்று தொடங்கியிருந்தார். 'நன்று' என்று குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். "கோட்டை கட்டுனவங்களப் பத்தி எழுதிட்டேன் சார். அப்ப எங்க ஆளுங்களும் அங்கதானே இருந்திருப்பாங்க? அவங்களப் பத்தி எங்க சார் எழுதியிருக்கு?"

பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். பதிலைத் தேடத் தொடங்கியபோது, மாணவியின் முதல் வரியே பிழை என்பது தெரிய வந்தது. அந்தப் பிழையில் நமக்கும் பங்குண்டு. கோவளம் என்றாலே 'டச்சுக் கோட்டை' என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவர்கள் நாம்தான். பயண நூல்களில் படித்ததை யாரிடமும் கேட்காமல் ஒப்பித்து வந்திருக்கிறோம்.

முதலில் ஊர்ப்பெயர். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் இருபுறமும் விரியும் உவர்நிலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும்: இது உப்பு விளைந்த மண். 'அளம்' என்பது உப்பு விளையும் நிலத்துக்குத் தமிழில் பழங்காலம் தொட்டு வழங்கும் பெயர். உப்பளம் என்ற சொல்லில் அது இன்றும் வாழ்கிறது. திருவாரூர் மாவட்டத்துப் பேரளம் போன்ற ஊர்ப்பெயர்களிலும் காண்கிறோம். கோ என்பதுடன் அளம் சேர்ந்தால், வகர உடம்படுமெய் பெற்றுக் 'கோவளம்' ஆகும். அரசனுக்குரிய உப்பளம் என்று பொருள்படும். 'கோ, வளம்' என்று பிரித்துப் பொருள் சொல்வோரும் உண்டு. ஆயினும் மண்ணைப் பார்க்கும்போது அளமே பொருத்தமாகத் தோன்றுகிறது. அரசர் மாறியபோதும் உப்பின் மீதான அரசு உரிமை மாறவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாயின் படகுகள் இக்கரையின் உப்பைச் சென்னைக்குச் சுமந்து சென்றன.

இனிக் கோட்டைக்கு வருவோம். கோவளத்தை நாடி வந்த ஐரோப்பியர், நாம் பாடநூல்களில் படித்த ஐந்து நாட்டவர் வரிசையில் இல்லாதவர்கள். இன்றைய பெல்ஜியத்தின் கடற்கரையில் ஆஸ்டெண்ட் என்றொரு துறைமுக நகரம் உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஆளுகைக்கு வந்தது. அங்கிருந்த வணிகர்கள் கீழைநாட்டு வாணிபத்தில் இறங்க விரும்பித் தனித்தனியே கப்பல்களை அனுப்பினர். அவர்களுள் ஒருவரான கப்பல் தலைவர் த லா மெர்வேய், 1719இல் கோவளத்தில் கால்பதிக்க இடம் பெற்றார். அப்போது ஆர்க்காட்டில் சாதத்துல்லா கான் நவாபாக இருந்தார். ஆஸ்டெண்ட் வணிகர்களின் ஆவணங்களில் நம் ஊர் 'கபெலோன்' என்று வழங்குகிறது. 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் பட்டயம் வழங்க, ஆஸ்டெண்ட் கம்பெனி முறைப்படி உருவானது. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் பாங்கிபசார், சோழமண்டலக் கரையில் கோவளம் என இரண்டு இடங்களே இந்தியாவில் அதன் முதன்மையான காலூன்றல்கள்.

சென்னையிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் புதிய போட்டியாளர் கடை விரித்ததை ஆங்கிலேயர் ரசிக்கவில்லை. அதிலும் வேடிக்கை, ஆஸ்டெண்ட் கப்பல்களில் பணிபுரிந்தவர்கள் பலர் ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் ஐரிஷ்காரருமே. தங்கள் நாட்டுக் கம்பெனியின் தனியுரிமைக்கு வெளியே நின்று பிழைக்க வழி தேடியவர்கள் அவர்கள். ஆனால் இந்தக் கடையின் தலைவிதி கோவளத்திலோ ஆர்க்காட்டிலோ முடிவாகவில்லை. இங்கிலாந்தும் ஹாலந்தும் பேரரசரை நெருக்கின. தம் மகள் மரியா தெரசாவின் அரசுரிமையை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்பதே பேரரசரின் பெருங்கவலை. அதற்கு விலையாக 1727இல் கம்பெனியின் பட்டயம் ஏழாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1731 வியன்னா உடன்படிக்கையில் கம்பெனியே கைவிடப்பட்டது. வியன்னாவில் ஒரு மகளின் முடியுரிமைக்காகப் போட்ட கையெழுத்தால் கோவளத்தில் ஒரு பண்டகசாலை பாழானது.

அதன் பின்னரே நமது கோட்டை எழுகிறது. அதைக் கட்டியவர் ஐரோப்பியர் அல்லர். 1744 முதல் 1749 வரை ஆர்க்காட்டு நவாபாக இருந்த அன்வருத்தீன் கான். ஆஸ்டெண்ட் கம்பெனியின் இடிபாடுகளுக்கு அருகில் அவர் கட்டிய இக்கோட்டை சாதத் பந்தர் என்று வழங்கிற்று. பந்தர் என்ற பாரசீகச் சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள். இச்செய்தியைத் தருபவர் ராபர்ட் ஓர்ம். 1750களில் சென்னையில் கம்பெனியின் ஆலோசனைக் குழுவில் இருந்து, பின்னர் இப்போர்களின் வரலாற்றை விரிவாக எழுதியவர். அவரது முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. அகழி கிடையாது, வட்டக் கொத்தளங்களும் உறுதியான மதிலும் உண்டு, கடல் மிக அருகில் என்று கோட்டையின் தோற்றத்தை அவர் வரைந்து காட்டுகிறார்.

அன்வருத்தீன் கான் கடற்கரையில் கோட்டை எழுப்பியதை எளிதாகக் கடந்துபோக இயலாது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே தலைமையில் சென்னையைக் கைப்பற்றினர். அதை மீட்க நவாப் அனுப்பிய பெரும்படை, அதே ஆண்டு அடையாற்றங்கரையில் மிகச் சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. கடல்வழி வருபவர்களைக் கடற்கரையிலேயே எதிர்கொள்ள வேண்டும் என்பதை அந்த நவாபைவிட நன்கு உணர்ந்திருக்கக்கூடியவர் எவர்? இந்நாட்டு அரசர்கள் கடலைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று எழுதிவிடுகிறோம். கவலைப்பட்ட ஒருவர் கட்டிய கோட்டையையோ டச்சுக்காரர் கணக்கில் எழுதிவிட்டோம்.

நவாப் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் மாண்டார். சில மாதங்களில், 1750இன் தொடக்கத்தில், கோவளத்துக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அது கைமாறிய விதத்தை ஓர்ம் விவரித்திருப்பதைச் சுருக்கிச் சொல்கிறோம். ஒரு கப்பல் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு ஆபத்து அடையாளம் காட்டியது. கரையிலிருந்து சென்றவர்களிடம், மாலுமிகளில் பலர் கடல்நோயான ஸ்கர்வியால் இறந்துவிட்டனர், எஞ்சியவர்களை உடனே கரையேற்றாவிட்டால் அவர்களும் பிழைக்க மாட்டார்கள், கப்பலைச் செலுத்தவும் ஆளில்லை என்று கூறப்பட்டது. கோட்டைத் தலைவர் இசைந்தார். தக்க பணம் கிடைக்கும் என்று நம்பி இசைந்ததாக ஓர்ம் எழுதுகிறார். மெலிந்து வெளிறிய முப்பது பிரெஞ்சுக்காரர் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களின் உடைக்குள் கைத்துப்பாக்கியும் குத்துவாளும் இருந்தன. இரவு தங்க இடம் பெற்றவர்கள், நள்ளிருளில் எழுந்து, ஐயம் ஏதுமின்றி இருந்த காவல்வீரர்களை மடக்கிக் கோட்டையைப் பிடித்தனர்.

இரண்டாண்டுகள் கழிந்து, 1752இல், ராபர்ட் கிளைவ் வந்தார். ஆர்க்காட்டு முற்றுகையில் பெயர் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தேழு. கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிடிக்கச் சென்ற அவருடன் இருந்தவர்கள் இருநூறு ஐரோப்பியர், ஐந்நூறு சிப்பாய்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள். அந்த ஐரோப்பியர் எத்தகையவர் என்பதை மெக்காலே கேலியுடன் விவரிக்கிறார். கோட்டையிலிருந்து வந்த குண்டொன்று ஒருவனைக் கொன்றதும் மற்றவர்கள் திரும்பி ஓடினராம். பீரங்கி முழக்கம் கேட்டு அஞ்சிய காவற்காரன் ஒருவன், சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டானாம். பிரித்தானியப் பேரரசின் கதையில் இந்தக் கிணற்றுக்குள் இருந்த வீரனுக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. அந்தக் கிணற்றைத் தோண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சில நாள்களில் கோட்டை பணிந்தது. அது தெரியாமல் செங்கற்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையைக் கிளைவ் வழியில் மறைந்திருந்து தாக்கினார். நூறு பேர் வீழ்ந்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் சிறைப்பட்டனர். கோவளக் கோட்டைக்குள் ஐம்பது பீரங்கிகள் இருந்தன. அவற்றுள் சில, 1746இல் சென்னையிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்துச் சென்றவை. பின்னர் மதில்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கோட்டை நின்றது பத்தாண்டுகள்கூட இல்லை.

அப்படியானால் டச்சுக்காரர் எங்கிருந்து வந்தனர்? தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் சென்றால் சதுரங்கப்பட்டினம் வரும். அங்குள்ள கோட்டையும் எழுத்துப் பொறித்த கல்லறைகளும் டச்சுக்காரருடையவையே. அதன் புகழ் வடக்கே கசிந்து கோவளத்தின்மேல் படிந்திருக்கலாம். ஆஸ்டெண்ட் வணிகர்களும் 'நெதர்லாந்து' என்று பொதுவாக அழைக்கப்பட்ட நிலப்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதால் குழப்பம் கூடியிருக்கலாம். இது நம் ஊகம். கோட்டை இருந்த இடத்தில் 1970களில் கடலோர நட்சத்திர விடுதி எழுந்தது. விருந்தினருக்குச் சொல்லப்படும் கதையாக 'டச்சுக் கோட்டை' பரவி, பயணக் குறிப்புகளில் ஏறி, நம் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது. டச்சுக்காரர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள். ஆஸ்டெண்ட் கம்பெனியை ஒழிக்க முயன்றவர்களில் அவர்களும் ஒருவர் அல்லவா!

இதுவரை சொன்னவை அனைத்தும் 1719க்கும் 1752க்கும் இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளின் கதை. மாணவியின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அதற்கான விடையின் ஒரு துண்டு கோவளத்தை அடுத்த திருவிடந்தையில் கிடைத்தது. திருமங்கையாழ்வார் பாடிய நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மணமாக வேண்டி மாலை சாற்ற வரும் கூட்டம் இன்றும் குறையவில்லை. அக்கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பன்னிரண்டு பட்டினவர் குடும்பங்கள் வராகப் பெருமாளுக்கு உரியோராக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. மீன்பிடித்தும் நெய்தும் ஈட்டும் பொருளிலிருந்து அவர்கள் ஆண்டுதோறும் கோயிலுக்குப் பொன் செலுத்த வேண்டும். அரசன் பிறந்த சதய நாள் விழாவையும் நடத்த வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் மீனவர் வாழ்ந்தனர், வலை வீசிய கைகளே தறியும் நெய்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஆவணத்தில் இடம்பெற்ற விதத்தைப் பாருங்கள். கொடுத்தவர்களாக அல்ல, கொடுக்கப்பட்டவர்களாக.

இன்னும் சில துண்டுகள் ஊருக்குள்ளேயே உள்ளன. கோவளத்து தமீம் அன்சாரி தர்காவுக்கு வியாழக்கிழமைகளில் பல சமயத்தாரும் வருகின்றனர். நபித்தோழரான அவரது உடலைத் தாங்கிய பேழை கடலில் மிதந்து இக்கரை சேர்ந்தது என்பது ஐதிகம். சற்றுத் தள்ளிக் கார்மேல் அன்னை ஆலயம். சென்னையில் பெருஞ்செல்வராக விளங்கிய போர்த்துகீசிய வணிகர் ஜான் டி மாண்டி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ஆழ்வார்ப்பேட்டைக்கு அருகே டிமாண்டி காலனிக்குப் பெயர் தந்தவர் அவரே. 1821இல் மறைந்த அவர் இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கோவளத்தின் கதைகள் எல்லாவற்றிலும் கடல் எதையோ கொண்டுவந்து சேர்க்கிறது. ஊர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. பேழை வந்தது, வழிபாடு நிலைத்தது. நோயாளிகளாக நடித்தவர்கள் வந்தார்கள், கோட்டை போயிற்று. அதன் பிறகும் வருபவர்களை ஊர் தடுத்ததாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு மாணவியின் தாத்தாவைக் காணச் சென்றோம். படகு நிழலில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். "ஐயா, கோட்டை எங்கே இருந்தது என்று பெரியவர்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டோம்.

"கோட்டையா சார்? அந்த ஓட்டல் பக்கம்னு சொல்வாங்க. நான் பாத்ததில்ல. அது இருந்தா என்னா, போனா என்னா? கடல் இருக்குதில்ல" என்றார்.

பிறகு அவராகவே கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. எந்த ஓட்டத்தில் எந்த மீன் கரையணையும், எப்போது வலை போடக்கூடாது. ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தோம். தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, நெய்தல் திணையை இருபது ஆண்டுகளாக நடத்திவரும் நமக்கு, அவர் சொன்னவற்றுள் பாதிச் சொற்கள் புதியவை. அருகில் அமர்ந்திருந்த மாணவி, அவற்றுள் சில தமக்கும் புதியவை என்று மெல்லச் சொன்னார். தந்தையின் படகில் இயந்திரமும் திசைகாட்டும் கருவியும் வந்துவிட்டன. வன்னியும் தெண்டியும் தாத்தாவோடு நிற்கின்றன.

கட்டுமரம் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வில்லியம் டாம்பியரின் பயண நூல் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. உலகம் முழுவதும் இன்று அதை ஒலிமாற்றி வழங்குகிறார்கள். ஒரு சொல் தப்பிப் பிழைத்தது. கூட இருந்த மற்ற சொற்களின் கதி என்ன?

கோவளம் மாறி வருகிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் பெயர் பெற்று, வெளிநாட்டினருக்கும் கற்றுத் தருகிறார்கள். 2021இல் இக்கடற்கரை நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. 2025ஆம் ஆண்டின் தமிழக நிதிநிலை அறிக்கை, கோவளத்தை ஒட்டிய உவர்நிலப் பகுதியில் சென்னையின் குடிநீருக்காகப் புதிய நீர்த்தேக்கத்தை அறிவித்தது. நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. உப்பங்கழியில் இறாலும் மீனும் பிடித்து வாழ்பவர்களின் அச்சமும் பொய்யன்று. கோவளத்தின் மரபு ஒரு இடிந்த கோட்டை மட்டுமே என்று நம்புபவர்களுக்கு, அந்த உவர்நிலம் வெற்றிடமாகத்தான் தெரியும். ஊர்ப்பெயரே அந்த நிலத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்று அறிந்தவர்கள் சற்று நின்று யோசிப்பார்கள். வரலாற்றைச் சரியாகச் சொல்வதால் ஆகக்கூடியது என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் விடை இதுவே.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு கடந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. நம் தெருவில் பெய்த மழை கோவளத்தாரின் கழிமுகத்துக்குத்தான் போகிறது. நாம் கொட்டும் குப்பையும் அதே வழியில்தான்.

சென்ற வாரம் வகுப்பில், 'டச்சுக் கோட்டை' என்று நாம் சொல்லி வந்தது தவறு என்று மாணவர்களிடம் ஒப்புக்கொண்டோம். அந்த மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதி வந்தார். அன்வருத்தீன் கானுக்கு ஒரு பத்தி, ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு ஒரு பத்தி, பன்னிரண்டு பட்டினவர் குடும்பங்களுக்கு ஒரு பத்தி. கடைசிப் பக்கம் முழுவதும் காற்றுகளின் பெயர்களும் நீரோட்டங்களின் பெயர்களும், தாத்தா சொன்ன விளக்கங்களோடு.

அப்பக்கத்துக்கு மதிப்பெண் போட நமக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. பிரதி எடுத்து வைத்துக்கொள்ள அனுமதி மட்டும் கேட்டோம்.